கூரையில் காது வைத்த மணிக்கூடு: ஒரு வருடம் பாவித்த பிறகு

அவசரக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தானாக நேரம் திருத்தும் மணிக்கூடு" என்று யாராவது விற்க வந்தால், அல்லது வெளிநாட்டில் இருக்கும் சொந்தம் பெட்டிக்குள் போட்டு அனுப்பினால், அது எந்த நிலையத்தைக் கேட்டுத் திருத்துகிறது என்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள். ஜேர்மனி, இங்கிலாந்து, ஜப்பான், அமெரிக்கா என்று பதில் வந்தால் மட்டக்களப்பில் அது வெறும் சுவர் மணிக்கூடு. செய்மதி என்று பதில் வந்தால் தொடர்ந்து வாசியுங்கள், ஏனென்றால் அதிலும் சில வில்லங்கம் இருக்கிறது.

எனக்கு இந்தத் தேவை வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. நானும் கூட்டாளி ஒருவரும் சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறோம். ஒரு கொட்டில் ஆரையம்பதியில், மற்றது வாவிக்கு மேலால் மண்முனைப் பாலம் தாண்டி அக்கரையில், கொக்கட்டிச்சோலையில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு இடத்திலும் ஒரே வினாத்தாள், காலை 8.30க்கு. மூன்று மாதமாகக் கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகள் முதல் பகுதியில் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் படிப்பிப்பவர் கூட்டாளி என்பதால் அவருக்கு நடையே மாறிவிட்டது. கடைசியில் பார்த்தால் எல்லாம் வட்ஸ்அப்பின் வேலை. ஆரையம்பதிச் சுவர் மணிக்கூட்டை, பிள்ளைகள் நேரத்துக்கு வரவேண்டும் என்று நானே எப்போதோ 4 நிமிடம் முந்த வைத்திருந்தேன். கொக்கட்டிச்சோலையில் பற்றரி இறங்கி 5 நிமிடம் பிந்தி ஓடியிருக்கிறது. ஆகமொத்தம் 9 நிமிடம். இங்கே தாள் கையில் கிடைத்த ஒருவன் மேசைக்குக் கீழே போனை வைத்துப் படம் பிடித்து அனுப்பி, அங்கே இருப்பவன் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போக, அது தாராளம்.

போனைப் பறிக்கலாம், பறித்தோம். ஆனால் இரண்டு கரையிலும் ஒரே நேரம் ஓடவேண்டும் என்ற எண்ணம் தலைக்குள் ஏறிவிட்டது. அதை இறக்க 33,000 ரூபாயும் ஒரு வருடமும் போனது.

சாதாரண மணிக்கூட்டில் என்ன குறை என்று கேட்பீர்கள். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். 2இன் 15ஆம் அடுக்கு அது, பாதி பாதியாகப் 15 தரம் பிரித்தால் ஒரு செக்கன் கிடைக்கும். அந்தப் பளிங்கை 25 பாகை செல்சியஸ் அளவில் சரியாக ஓடும்படி வெட்டியிருப்பார்கள், சூடு அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகிவிடும். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அது எப்போதுதான் 25 பாகையைக் கண்டது? மாதத்துக்குப் பத்து, இருபது செக்கன் விலகுவது அதன் சுபாவம். ஒன்று முந்தி, மற்றது பிந்தி ஓடினால் வருடக் கடைசியில் நிமிடக் கணக்கில் வந்து நிற்கும்.

இதற்கு நடுவில் ஒரு பழைய கதை. இரண்டு கரைக்கும் இரண்டு நேரம் என்பது எங்களுக்குப் புதிதில்லை. 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, அந்த ஒக்டோபரிலேயே அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது, மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே கிடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இதை ஏற்கவேயில்லை, அங்கே கடைசிவரை பழைய நேரம்தான். எங்கள் அப்பாவுக்கு வாவியின் மேற்கே படுவான்கரையில், புலிகளின் பக்கம், வயல். கிழக்கே எழுவான்கரையில் 8 மணிக்குப் பாதையில் ஏறினால் அக்கரையில் இறங்கும்போது 7.40. (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவை.) "எத்தனை மணிக்கு வாறீங்க?" என்று கேட்டால் "பழைய நேரமா, புது நேரமா?" என்று திருப்பிக் கேட்காமல் யாரும் பதில் சொன்னதில்லை. அப்பா கையில் ஒரே மணிக்கூடுதான், கூட்டிக் கழிப்பதெல்லாம் வாயால்.

சரி, பொருளுக்கு வருவோம். முதலில் வந்தது ஜேர்மன் மணிக்கூடு, அது ஓசியில். மனைவியின் அண்ணன் அங்கே இருக்கிறார், விசயத்தைச் சொன்னதும், "மச்சான், இங்க எல்லா வீட்டிலயும் இதான் தொங்குது, நீ கையே வைக்கத் தேவையில்ல" என்று ஒன்றை அனுப்பிவிட்டார். வடிவான பொருள், வெள்ளை முகம், சத்தமில்லாத முள். பற்றரியைப் போட்டவுடன் மூன்று முள்ளும் விறுவிறு என்று சுற்றி 12இல் போய் நின்றது. நின்றதுதான். பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்து அது தன்பாட்டில் 12 மணியில் இருந்து ஓடத் தொடங்கியது, அப்போது நேரம் பின்னேரம் 4.20.

அது பழுது இல்லை. பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃபிளிங்கன் என்று ஒரு இடம், அங்கிருந்து 77.5 கிலோ ஹேர்ட்ஸில் டிசிஎஃப்77 என்ற நிலையம் இரவு பகலாக நேரத்தை ஒலிபரப்புகிறது. பாட்டு, செய்தி, விளம்பரம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு செக்கன் தொடங்கும்போதும் அலையின் வலுவைச் சட்டென்று குறைப்பார்கள். 0.1 செக்கன் குறைத்தால் பூச்சியம், 0.2 செக்கன் குறைத்தால் ஒன்று. இப்படி ஒரு நிமிடத்துக்குள் மணி, நிமிடம், திகதி, கிழமை எல்லாம் போய்விடும். 59ஆவது செக்கனில் மட்டும் குறைக்காமல் விடுவார்கள், "அடுத்த அடியில் புது நிமிடம்" என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. சொல்லாமல் விடுவதாலேயே ஒன்றைச் சொல்வது, வகுப்பில் சத்தம் போடும் ஆசிரியர் திடீரென்று வாயை மூடினால் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி.

ஆனால் அந்த அலை சுமார் 2,000 கிலோமீற்றர் வரைக்கும்தான் ஒழுங்காகப் போகும். அங்கிருந்து மட்டக்களப்பு 8,000 கிலோமீற்றருக்கும் மேலே. இங்கிலாந்தின் நிலையமும் அமெரிக்காவின் நிலையமும் 60 கிலோ ஹேர்ட்ஸ், ஜப்பானில் 40உம் 60உம், சீனாவில் 68.5. ஒன்றும் எங்களுக்குக் கிட்டவில்லை, இலங்கையில் அப்படி ஒரு நிலையமும் இல்லை. அதனால் அந்த மணிக்கூடு ஒவ்வொரு இரவும் எழும்பி ஜேர்மனியைத் தேடி, கிடைக்காமல் படுத்துவிடும். பற்றரிக்குத்தான் கேடு. அப்படியே ஒருவேளை கேட்டாலும் காட்டப்போவது ஜேர்மன் நேரம். இலக்கம் காட்டும் மொடல்களில் நேர வலயம் மாற்றலாம், ஆனால் பலவற்றில் முழு மணித்தியாலமாக மட்டும். உலக நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்திய எங்கள் நேரத்தில் இருக்கும் அந்த அரை அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இந்த இடத்தில் என் மாணவன் ஒருவன் ஒரு வேலை செய்தான், அதை எழுதாமல் போனால் மனது கேட்காது. போனில் ஒரு சின்ன அப்ளிகேஷன் இறக்கினான், இயர்போனைச் செருகி அதன் வயரை மணிக்கூட்டின் முதுகில் நாலைந்து சுற்றுச் சுற்றினான். போன் 15.5 கிலோ ஹேர்ட்ஸில் ஒரு ஒலியை அனுப்பும், காதுக்குக் கிட்டத்தட்டக் கேட்காது. அதன் ஐந்து மடங்கு எவ்வளவு? 77.5! ஒலியோடு சேர்ந்து அந்த ஐந்தாம் இசையமும் வயரில் மெலிதாகக் கசியும், ஒரு சாண் தள்ளினால் ஒன்றுமில்லை, ஒட்டி வைத்தால் மணிக்கூட்டுக்கு அது போதும். அந்த அப்ளிகேஷனில் இலங்கை நேரத்தையே "இதுதான் ஜேர்மன் நேரம்" என்று பொய்யாக அனுப்பவும் வழி இருந்தது. நாலு நிமிடம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். முள் சுற்றத் தொடங்கி, சரியான நேரத்தில் போய் நின்றபோது பிள்ளைகள் கைதட்டிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவனுக்கு அன்றைக்குக் கட்டணம் தள்ளுபடி. ஆனால் யோசித்துப் பாருங்கள், நேரம் வந்தது போனில் இருந்து. போனைப் பார்த்து மணிக்கூட்டைத் திருப்புவதற்கு இவ்வளவு வயரா? இப்போது அது வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்குகிறது, யாரும் அதை நம்புவதில்லை.

அடுத்த முயற்சி, அப்பாவின் பழைய சிற்றலை றேடியோ. இதற்குச் செலவு பூச்சியம். சீனாவில் ஷான்சி மாகாணத்தில் இருந்து பிபிஎம் என்ற நிலையம் 2.5, 5, 10, 15 மெகா ஹேர்ட்ஸில் நேரம் சொல்கிறது. ஜேர்மன் நிலையத்தின் நீண்ட அலை மாதிரி இது நிலத்தைத் தடவிக்கொண்டு வராது, வானத்தில் அயன மண்டலத்தில் பட்டுத் தெறித்து வரும், அதனால் 4,000 கிலோமீற்றர் தாண்டியும் கேட்கும். இரவு 9 மணிக்குப் பிறகு 10 மெகா ஹேர்ட்ஸில் முள்ளை மெல்ல மெல்ல நகர்த்தினால், இரைச்சலுக்கு நடுவில் டிக், டிக், டிக். அரை மணிக்கு ஒருக்கால் ஒரு சீனப் பெண் குரல் வந்து நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும். அங்கிருந்து இங்கே வர அலைக்கு 14 மில்லி செக்கன்தான் எடுக்கும், நான் டிக்கைக் கேட்டு விரலை அழுத்த அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆகும். நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ஒரு கொட்டிலுக்கு ஒரு றேடியோவும் அதைக் கேட்க இரவில் ஒரு ஆளும் வேண்டும், கூட்டாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஊர் வானொலியின் செய்திக்கு முன் வரும் பீப் போதாதா என்றால், பெரும்பாலும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிபிசி 1924இல் தொடங்கிய ஆறு பீப் முறையில் கடைசிப் பீப்தான் நீளமானது, அது தொடங்கும் கணம்தான் மணி. முடியும் கணம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மற்றது, கேட்பது எஃப்எம் அல்லது பழைய மத்திய அலையாக இருக்கவேண்டும். செய்மதி ரிவியில் ஓடும் நேரத்தை நம்பவேண்டாம். 36,000 கிலோமீற்றர் மேலே போய்த் திரும்பி வரவே கால் செக்கன், அதற்கு மேலே படத்தைச் சுருக்கி விரிக்க இன்னும் சில செக்கன். எங்கள் ஒழுங்கையில் கிரிக்கெட் நடக்கும் நாளில் சிக்ஸருக்கு ஒரு வீட்டில் கத்தி முடிந்த பிறகுதான் அடுத்த வீட்டில் பந்துவீச்சாளர் ஓடி வருவார்.

இனித்தான் உண்மையான சரக்கு. செய்மதியைக் கேட்கும் எல்இடி சுவர் மணிக்கூடு, இரண்டு. பெயரில்லாத சீனத் தயாரிப்பு, இணையத்தில் ஓடர் பண்ணியது, கூரியரும் சேர்த்து ஒன்று 16,500 ரூபாய் அளவில் விழுந்தது. ஆறு சிவப்பு இலக்கம், கை நீளம், ஒரு அடாப்டர், ஐந்து மீற்றர் வயரின் நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு அன்டனா, கீழே காந்தம். தகரக் கூரையில் வைத்தால் பசக்கென்று ஒட்டிக்கொள்ளும். கூரைக்கு உள்ளே வைத்தால் ஒன்றும் கேட்காது, நான் முதல் நாள் சோம்பலில் வளையில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டினேன்.

இதன் வேலை என்னவென்றால், 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, அவை எந்நேரமும் "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று சொல்லிக்கொண்டே போகின்றன. அந்தச் சொல் எங்களிடம் வர 0.07 செக்கன் அளவில் ஆகும், செய்மதி தலைக்கு நேரே நிற்கிறதா, அடிவானத்தில் நிற்கிறதா என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். எவ்வளவு பிந்தியது என்று தெரியவேண்டுமென்றால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியவேண்டும். அதற்காகப் பெட்டி குறைந்தது நாலு செய்மதியைக் கேட்டு நாலு சமன்பாட்டைத் தீர்க்கிறது: இடத்துக்கு மூன்று தெரியாக் கணியம், நேரத்துக்கு ஒன்று. நேரம் கேட்டால் முதலில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். ஒருங்கமை சமன்பாடு எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இப்போது நான் சுவரைக் காட்டுகிறேன். மேலே இருக்கும் கடிகாரம் சார்புக் கொள்கையினால் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செக்கன் வேகமாக ஓடும், அதற்கும் முன்கூட்டியே கழித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னால் கடைசி வாங்கும் நிமிரும்.

வில்லங்கம் ஒன்று. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பற்றரி, கரண்ட் எல்லாம் கொடுத்து, ஐந்தரையைப் பதிந்து பார்த்தால், ஒன்று மற்றதைவிடச் சரியாக 2 செக்கன் முந்தி! 16,500 ரூபாய் கொடுத்து வாங்கியது இரண்டும், செய்மதியும் ஒன்று, எப்படி? விற்றவருக்கு நல்ல வார்த்தை நாலு எழுதிவைத்தேன், நல்லவேளை அனுப்பவில்லை. ஜிபிஎஸ் தன் கணக்கை 1980 ஜனவரி 6இல் தொடங்கியது, அதற்குப் பிறகு பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் இடையிடையே சேர்த்த லீப் செக்கன்களை அது கணக்கில் எடுப்பதில்லை. 2017 ஜனவரி 1இல் இருந்து அது உலக நேரத்தைவிட 18 செக்கன் முன்னே ஓடுகிறது. "18ஐக் கழி" என்ற தகவலையும் செய்மதியே சொல்லும், ஆனால் அதன் முழுச் செய்தியும் ஒரு சுற்று வர 12.5 நிமிடம். அதுவரைக்கும் பெட்டி தன் நினைவில் இருக்கும் பழைய எண்ணைக் கழிக்கும். என் பெட்டியில் இருந்தது 16, அதாவது 2012க்கும் 2015க்கும் நடுவில் எழுதிய மென்பொருள். முதலில் கரண்ட் கொடுத்த பெட்டி 18ஐக் கேட்டுத் திருந்திவிட்டது, இரண்டாவது இன்னும் கேட்கவில்லை. கால் மணித்தியாலம் கழித்து இரண்டும் ஒன்றாக அடித்தன. ஆகவே, போட்டவுடன் நம்பாதீர்கள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ஒன்றாக அடித்தன என்று சும்மா சொல்லவில்லை. போனில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் முறையில் இரண்டையும் சேர்த்து வீடியோ எடுத்து, செக்கன் மாறும் இடத்தை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். ஒரு படம்கூட வித்தியாசம் இல்லை. ஒரு படம் 4 மில்லி செக்கன். வினாத்தாளுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள்.

பிறகு ஒன்றைக் கொக்கட்டிச்சோலைக்குக் கொண்டுபோய் மாட்டினோம். இப்போது இரண்டும் ஒன்றா என்று எப்படிப் பார்ப்பது? கூட்டாளி போன் எடுத்து "இப்ப!" என்று கத்தினார். போனில் குரல் வரவே கால் செக்கன் அளவில் போய்விடும், அதோடு அவர் கத்த எடுத்த நேரம், நான் நிமிர்ந்து பார்த்த நேரம். சரிவரவில்லை. அப்போதுதான் வழி தெரிந்தது: இரண்டு பேரும் ஒரே எஃப்எம் நிலையத்தைக் கேட்பது. செய்திக்கு முந்திய பீப் விழும் கணத்தில் அவரவர் மணிக்கூட்டைப் போனில் வீடியோ எடுக்கவேண்டும், ஒலியும் படமும் சேர்ந்து பதியும். பிறகு ஆறுதலாக அவரவர் எண்ணைச் சொல்லிக் கழித்துப் பார்க்கலாம். வானொலி நிலையம் அரை நிமிடம் பிழையாகப் பீப் அடித்தாலும் கவலையில்லை, இரண்டு பேருக்கும் அதே பிழை, கழிக்கும்போது போய்விடும். இரண்டு கொட்டிலுக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர் என்றே வைத்தாலும் அலைக்கு 33 மைக்ரோ செக்கன்தான். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வதேச நிறைகள் அளவைகள் பணியகம் நாடுகளின் அணுக் கடிகாரங்களை ஒப்பிடப் பல வருடம் செய்த வேலை இதே கணக்குத்தான், எஃப்எம்முக்குப் பதில் ஒரே செய்மதியை இரண்டு ஆய்வுகூடமும் ஒரே நேரத்தில் பார்க்கும், அவ்வளவு வித்தியாசம்.

முதல் தடவை எங்களுக்கு 34 செக்கன் வித்தியாசம் வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. விசாரித்தால், கூட்டாளியிடம் றேடியோ இல்லை, அதே நிலையத்தைப் போனில் இணையத்தில் கேட்டிருக்கிறார். றேடியோ ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்து அடுத்த செய்திக்குத் திரும்பச் செய்தோம். வித்தியாசம் வீடியோவில் பிடிபடவில்லை.

குறைகளைச் சொல்லவேண்டும். இரவில் வெளிச்சம் அதிகம், தானாகக் குறையாது, கொட்டிலைப் பூட்டிவிட்டுப் போனால் வெளியில் இருந்து பார்க்கும்போது உள்ளே தீப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு. மணிக்கு ஒருமுறை ஒரு பீப், அதை நிறுத்த எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தவேண்டும் என்பது கைந்நூலில் இல்லை (இடது பக்கப் பொத்தான், ஐந்து செக்கன்). எல்லாவற்றிலும் பெரிய குறை, செய்மதி கேட்காமல் போனாலும் அது முகத்தில் காட்டாது. நடுவில் இருக்கும் புள்ளி இரண்டும் மின்னுவதற்குப் பதில் நின்று எரியும், அதுதான் அடையாளமாம், யார் கவனிப்பது? மார்கழி மழையில் ஆரையம்பதி வயரை அணில் கடித்து, அந்த இடத்தால் தண்ணீர் இறங்கி, மூன்று நாளாக அது செய்மதியைக் கேட்காமல் தன் சொந்தப் பளிங்கிலேயே ஓடியிருக்கிறது. 4 செக்கன் விலகிய பிறகுதான் எனக்குப் புள்ளி கண்ணில் பட்டது. மழை அலையை மறைத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள், அப்படி இல்லை, வயர் நல்லதாக இருந்தபோது கொட்டுகிற மழையிலும் ஒழுங்காகத்தான் கேட்டது.

வயரைக் காத்தான்குடியில் றேடியோ, மணிக்கூடு திருத்தும் ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம்) கொண்டுபோனேன். அவர் அன்டனாவைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இந்த மணிக்கூட்டுக்குக் காது கூரையிலயா இருக்கு? அப்ப காதுக்கு ஒரு தொப்பி போட வேணாமா?" என்று கேட்டு, பிளாஸ்டிக் ஐஸ்கிறீம் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, வயரைத் தண்ணீர்க் குழாய்க்குள்ளால் இழுத்துத் தந்தார். பிளாஸ்டிக் அலையைத் தடுக்காது. நானூறு ரூபாய். இந்த ஒரு வருடத்தில் நான் செய்த மிகப் பிரயோசனமான செலவு அது. பள்ளிவாசலுக்கும் ஒன்று வாங்கலாமா என்று அவரே கேட்டார், பிறகு அவரே, "நேரம் சரியா இருந்தாலும் கொழும்புக் கலண்டரைப் பார்த்து நோன்பு திறக்க ஏலாது, இங்க மஹ்ரிபு ஏழு நிமிசம் முந்தியெல்லோ" என்றார். மஹ்ரிபு என்றால் சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை. கணக்குச் சரி. கொழும்புக்கும் எங்களுக்கும் நெடுங்கோட்டில் 1.8 பாகை, பாகைக்கு 4 நிமிடம். மணிக்கூட்டை எவ்வளவு துல்லியமாக்கினாலும் சூரியன் மட்டக்களப்பில் முதல் உதித்து முதல்தான் மறையும்.

பழைய ஜிபிஎஸ் பெட்டியைக் கழிவு விலையில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைக்கும் எண்ணிவிட்டுத் திரும்பப் பூச்சியத்தில் தொடங்கும், கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படிச் சுற்றியது. அந்த இயர்போன் மாணவன் எங்கோ ஒரு பழைய பெட்டியைப் பிடித்து வந்தான், மணி சரி, நிமிடம் சரி, திகதி மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால். திகதி தேவையில்லை என்றால் வாங்கலாம்.

யாருக்கு எது என்று கேட்டால்: வீட்டில் வைஃபை இருந்தால் செய்மதி மணிக்கூடு வீண் செலவு. இணையத்தில் நேரம் எடுக்கும் எல்இடி மணிக்கூட்டை மூவாயிரம், நாலாயிரத்துக்குள் பிள்ளைகளே செய்து தருவார்கள், அரைச் செக்கனுக்குள் நிற்கும், வீட்டுக்கு அதுவே அதிகம். வைஃபை இல்லாத இடம், ஆள் மாறி ஆள் வந்து முள்ளைத் திருப்பும் இடம், பாடசாலை, கோயில், பள்ளிவாசல், பஸ் கொட்டகை என்றால் செய்மதிக்கு 16,500 கொடுக்கலாம், ஆனால் முதல் நாளே வயரைக் குழாய்க்குள் போடுங்கள். ஜேர்மன் மணிக்கூடு வந்தால் நன்றி சொல்லி வாங்கி, நண்பகல் 12க்குச் சில நிமிடம் முந்திப் பற்றரியைப் போட்டு அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்.

இப்போது இரண்டு கொட்டிலிலும் 8.30 என்றால் 8.30. கொக்கட்டிச்சோலைப் புள்ளிகள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டன, கூட்டாளியின் நடையும். தலைக்கு மேலே சுவரில் அணுக் கடிகாரத்தின் நேரம் எரிந்துகொண்டிருக்க, அவர் கையில் கட்டியிருக்கும் மணிக்கூடு மட்டும் இன்னும் 5 நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. திருத்தச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மண்முனைப் பாதையைத் தவறவிடாமல் இருக்க வைத்த பழக்கமாம். 2014இல் பாலம் திறந்தாகிவிட்டதே என்றால், "பழகிற்று, விடுங்க" என்கிறார்.